தலைவரின் இடது பக்கம்

வெஸ்டர்டாலில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று எங்களுக்குத் தெரியவந்தபோது நாங்கள் பொறாமைப்படவில்லை. ஓக் லேண்டிங்கில் யாரும் பொறாமைப்படுவது கிடையாது. அது லூத்தரன் சபைக்கு ஒத்துவராத குணம். "அவங்களுக்கு நல்லதுதான்" என்று மட்டும் சொன்னோம். மளிகைக் கடையில் சொன்னோம், தபால் நிலையத்தில் சொன்னோம், தேவாலயத்தின் அடித்தளத்தில் காப்பி குடிக்கும்போதும் சொன்னோம். பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னதால் சிலருக்குத் தாடை வலி கண்டது.

வெஸ்டர்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கேயும் எங்களைப் போலவே ஒரு எஃப்.எம். வானொலி, ஒரு தேவாலயம், ஒரு தானியக் கிடங்கு. இருபது வருஷமாக எல்லாவற்றிலும் சமமாக இருந்தோம். அறுபத்து நான்காம் வருஷம் அவர்கள் மட்டும் ஸ்டீரியோவுக்குப் போனார்கள். இடது ஒலிபெருக்கியில் ஒன்று, வலது ஒலிபெருக்கியில் இன்னொன்று என்று பாட்டு இரண்டாகப் பிரிந்து வந்தது. அது கூடப் பரவாயில்லை. புதிதாக வந்த வானொலிப் பெட்டிகளின் முகப்பில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு இருந்தது. வெஸ்டர்டாலுக்கு முள்ளைத் திருப்பினால் அது எரிந்தது. எங்கள் நிலையத்துக்குத் திருப்பினால் அணைந்தது. எங்கள் ஊரிலேயே, எங்கள் காசில் வாங்கிய பெட்டியில், எங்கள் நிலையத்துக்கு அணைந்தது.

இதில் அதிகம் சங்கடப்பட்டவர் ஆர்விட் லொக்கன். எங்கள் நிலையத்தின் கருவிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். அதற்கு முன் பால் கறக்கும் இயந்திரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் குழாயும் கம்பியும் இருப்பதால் வேலை ஒன்றுதான் என்று வானொலிக் கழகம் முடிவு செய்திருந்தது. வெஸ்டர்டால் நிலையத்தில் அதே வேலையைப் பார்த்தவன் அவருடைய மனைவி வெர்னாவின் அண்ணன் லெராய். தங்கையின் பிறந்தநாளுக்கு அவன் ஒரு புதுப் பெட்டி கொண்டுவந்து, இரண்டு ஒலிபெருக்கிகளையும் கூடத்தின் இரண்டு மூலைகளில் வைத்து, நடுவில் ஆர்விட்டின் நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

"இந்த இடத்துல உக்காந்தாதான் மாப்ளே சரியா கேக்கும். என்ன, நீ எங்க ஊரைத்தான் கேக்கணும்" என்றான்.

"எங்க ஊர்ல என்ன குறை, மச்சான்?"

"குறையா? ஒண்ணுமில்ல. ஒத்தைக் கண்ணு இருக்கிறவனுக்குக் கண்ணே இல்லைன்னு யாராவது சொல்வாங்களா?"

மறுநாள் மாலை ஆர்விட் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, வெர்னா பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தன் மனைவியின் முகத்தில் இன்னொரு நிலையத்தின் வெளிச்சம் விழுவதை அவர் கோட்டைக் கழற்றாமலே நின்று பார்த்தார்.

"நம்ம நிலையத்துல இப்ப விவசாயச் செய்தி போகுமே" என்றார்.

"போகட்டும். நான் வேண்டாம்னு சொல்லலையே" என்றாள் வெர்னா. முள்ளைத் திருப்பவில்லை.

வெர்னா தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்டோ. அதாவது பெண்களில் தாழ்குரல். வருஷத்துக்கு ஒருமுறை, ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறுக்காக, குழுவின் பாட்டைப் பதிவு செய்து வானொலியில் போடுவார்கள். அதில் இரண்டாம் சரணத்தில் நான்கு வரி வெர்னா தனியாகப் பாடுவாள். அந்த நான்கு வரிக்கும் மேலே சோப்ரானோ என்கிற உச்சக்குரல்காரிகள் "ஆ..." என்று வார்த்தையில்லாமல் இழுப்பார்கள். தேவாலயத்தில் இரண்டும் கேட்கும். வானொலியில் "ஆ" மட்டும்தான் கேட்கும். ஒவ்வொரு வருஷமும் வெர்னா தன் தங்கைக்கும் பெரியம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பாள். ஒவ்வொரு வருஷமும் அவர்கள் கூப்பிட்டு, "பாட்டு ரொம்ப அழகு, நீ அன்னைக்கு வரலையா?" என்று கேட்பார்கள்.

"லெராய் சொன்னான். அவங்க குழுவுல ஈஸ்டர்ல இருந்து ஆல்டோல ஒரு இடம் காலியாம். அங்க ஆல்டோ வலது ஒலிபெருக்கியில தனியா வருமாம்" என்றாள் வெர்னா.

"நீ போறியா?"

"போறேன்னு சொல்லல. காலியா இருக்குன்னு சொன்னேன்."

எங்கள் ஊரில் இதற்குப் பெயர் கடைசி எச்சரிக்கை. ஆர்விட் கோட்டைக் கழற்றி மாட்டினார். "இந்தக் குருத்தோலை ஞாயிறுக்கு உன் குரலை நீயே கேப்ப, வெர்னா. வலது பக்கத்துல. நான் பாத்துக்கிறேன்" என்றார். எங்கள் தெருவில் ஆறு வீட்டுக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி, ஒருவர் பேசினால் மற்ற ஐந்து வீட்டிலும் கேட்கலாம். வெர்னா அதைத் தன் தங்கையிடம் சொன்னதால் ஆறு வீட்டுக்கும் அந்த வாக்குறுதி தெரியும்.

நகர வானொலிக் கழகம் கூடியது. தலைவர் கிளாரன்ஸ் பாக்கே மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தார். அவர் எழுந்து, தான் பேச்சாளன் இல்லை என்று தொடங்கினார். அவர் அப்படித் தொடங்கினால் சாப்பாடு ஆறிவிடும் என்பது எங்களுக்குத் தெரியும்.

"நண்பர்களே, வெஸ்டர்டாலைப் பாத்து நாம எதையும் வாங்கப் போறதில்ல. வெஸ்டர்டால்னு ஒரு ஊர் இருக்கிறதே எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது. நம்ம முன்னேற்றம் நம்ம மனசுல இருந்து வரணும். அது கிடக்கட்டும், அவங்க விளக்கு எவ்வளவு பெருசு? யாராவது அளந்தீங்களா?"

"விளக்கு அவங்ககிட்ட இல்ல, மிஸ்டர் பாக்கே. நம்ம வீட்டுப் பெட்டியிலதான் இருக்கு. அவங்க பாட்டோட சேத்து ஒரு ஒலியை அனுப்புறாங்க. அது வந்து சேந்தா விளக்கு எரியும். அந்த ஒலி காதுக்குக் கேக்காது" என்றார் ஆர்விட்.

"காதுக்குக் கேக்காத ஒலியையா வானொலியில அனுப்புறாங்க?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"நாள் முழுக்க."

பாக்கே மேஜையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "நாமளும் அனுப்புவோம். அவங்களைவிடச் சத்தமா" என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கருவி மரப்பெட்டியில் வந்து இறங்கியது. இடது ஒலியையும் வலது ஒலியையும் கலந்து, கேட்காத ஒலியையும் சேர்த்து, ஒரே அலையில் ஏற்றி அனுப்புகிற கருவி. அதனுடன் கட்டுப்பாட்டு அறையில் கேட்டுச் சரிபார்க்க இரண்டு ஒலிபெருக்கிகளும் வந்தன. அவற்றில் ஒன்றைக் கழகம் தலைவரின் அலுவலகத்துக்கு ஒதுக்கியது. தலைவர் இல்லாத இடத்தில் இரண்டு ஒலிபெருக்கி இருப்பது முறையல்ல. ஆகவே எங்கள் ஊரில் ஸ்டீரியோவை அனுப்புகிற மனிதருக்கு மட்டும் ஸ்டீரியோ கேட்க வழியில்லாமல் போயிற்று.

ஆர்விட் கையேட்டை மூன்று தடவை படித்தார். படித்தும் ஒரு கம்பியைத் தலைகீழாக மாட்டிவிட்டார். தொடக்க விழாவில் பாக்கே இரண்டு ஒலிவாங்கிகளுக்கும் நட்டநடுவில் நின்று உரையாற்றினார். தலைகீழ்க் கம்பியின் காரணமாக இடதும் வலதும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, பழைய ஒற்றைப் பெட்டி வைத்திருந்த வீடுகளில் தலைவர் அடியோடு மறைந்துபோனார். உரை முழுவதும் அமைதி. பின்னால் ஓரமாக உட்கார்ந்திருந்த பித்தளை வாத்தியக் குழு இருமியது மட்டும் கேட்டது. மறுநாள் பாக்கேவுக்குப் பாராட்டு குவிந்தது. இதுவரை அவர் ஆற்றிய உரைகளில் இதுவே சிறந்தது என்று பலரும் மனப்பூர்வமாகச் சொன்னார்கள். ஆர்விட் கம்பியைச் சரிசெய்ததும் ஊரில் பலருக்கு வருத்தம்.

பிறகு இடது எது என்ற கேள்வி வந்தது.

இதைக் கிளப்பியவர் கழகத்தின் செயலாளர் டாக்னி ரஸ்ட். பாடகர் குழுவில் உச்சக்குரல்காரிகளின் தலைவியும் அவர்தான். "நாங்க மேடையில நிக்கிறப்ப எங்க இடது, கேக்கிறவங்களுக்கு வலது. இவர் யாரோட இடதைக் காத்துல விடுறாரு? யாரைக் கேட்டு விடுறாரு?" என்றார்.

"எல்லா ஊர்லயும் கேக்கிறவங்களோட இடதுதான், மிஸஸ் ரஸ்ட்."

"எல்லா ஊரும்னா? வெஸ்டர்டாலுமா?"

"ஆமா."

அதோடு அந்த வழி அடைபட்டுப்போனது. மூன்று கூட்டங்கள் நடந்தன. மேயரின் இடது என்றார்கள். மேயர் இடக்கைக்காரர் என்பதால் அது சலுகையாகிவிடும் என்று ஒரு உறுப்பினர் ஆட்சேபித்தார். ஆற்றுப் பக்கம் இடது என்றார்கள். ஆற்றுப் பக்கம் வெஸ்டர்டால். கடைசியில் தீர்மானம் எழுதப்பட்டது: ஓக் லேண்டிங் வானொலியைப் பொறுத்தவரை இடது என்பது கழகத் தலைவரின் இடது, அவர் எங்கே எப்படி இருந்தாலும்.

"அவர் திரும்பி உக்காந்தா?" என்று ஆர்விட் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேலி வராது.

"திரும்பினா நீயும் திருப்பணும். அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?" என்றார் பாக்கே.

ஆகவே ஆர்விட் இடதையும் வலதையும் இடம் மாற்ற ஒரு குமிழ் வைத்தார். படக்கென்று மாற்றினால் ஒலியில் 'டக்' என்று கேட்கும் என்பதால், பால் இயந்திரத்திலிருந்து கழற்றிய, மெல்லச் சுழல்கிற குமிழாக வைத்தார். தலைவர் வானொலி கேட்கும் நேரங்களில் அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தொலைபேசியில் சொல்ல, டாக்னியின் கணவர் நீல்ஸ் ரஸ்ட் நியமிக்கப்பட்டார். நீல்ஸ் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட உதவி முதல்வர். பதவி என்று ஒன்று மறுபடி கிடைத்ததில் அவருக்குக் கண்கலங்கியது. அவருடைய பக்கத்து வீட்டுக்காரர், இதே வேலைக்கு விண்ணப்பித்தவர், அதற்குப் பின் ஒரு மாதம் அவருடன் பேசவில்லை.

விளக்கு எரிந்தது. ஊரே அவரவர் பெட்டி முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்தது. பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, ஆற்றைக் கடந்து வீட்டுக்கு வந்துவிட்டது.

பாக்கேயின் தீவன விளம்பரம் இடது பக்கத்தில் வருவதால், இடது பக்க சோபாக்காரர்கள் தீவனம் மட்டும் வாங்குவார்கள், மரம் வாங்கமாட்டார்கள் என்று மரக்கடைக்காரர் புகார் செய்தார். மரக்கடை விளம்பரம் வலது பக்கம் வருவதைப் பாக்கே பொறுக்கவில்லை. எங்கள் ஊரில் குடியேறிய நார்வேக்காரர்களின் பிடில் இசை வலதிலும் ஸ்வீடன்காரர்களின் பிடில் இசை இடதிலும் வந்த வாரத்தில் இரண்டு வீட்டுத் திருமணப் பேச்சு நின்றது. கணவன் ஒரு மூலையிலும் மனைவி மறு மூலையிலும் உட்கார்ந்து, தன் பக்கம் அதிகம் வருகிறதா என்று காது கொடுத்தார்கள். அவர்கள் பாட்டைக் கேட்டதாகச் சொல்ல முடியாது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை தேவாலயத்தில் பாட்டைப் பதிவு செய்தார்கள். ஆர்விட் இரண்டு ஒலிவாங்கிகளை வைத்தார். உச்சக்குரல்காரிகளின் முன்னால் ஒன்று, தாழ்குரல்காரிகளின் முன்னால் ஒன்று. வெர்னா பாடும்போது அவர் ஒலிநாடாச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவளைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் டாக்னி ரஸ்ட் அவரிடம் வந்தார். கையில் ஒரு தட்டில் எலுமிச்சைக் கேக் துண்டுகள். "எடுத்துக்கோ ஆர்விட். அது சரி, நாங்க எந்தப் பக்கம் வருவோம்?"

"இடது பக்கம், மிஸஸ் ரஸ்ட்."

"வலது பக்கம்?"

"வலது பக்கமும் கேக்கும். ஆனா இடதுல இருந்து கேக்கும்."

"நான் அதைக் கேக்கல. வலது பக்கத்துல யாரு?"

"ஆல்டோ."

"அவங்களா? தனியாவா?" டாக்னி தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "எங்களுக்குக் கொடுத்த அதே அளவு ஒலிபெருக்கியா அவங்களுக்கு?"

அன்று மாலையே அவசரக் கூட்டம். டாக்னி பேசினார். "எனக்காக நான் கேக்கல. ஆண்டவர் சாட்சி. ஆல்டோ பெண்களை நினைச்சுத்தான் எனக்குப் பாவமா இருக்கு. பாவம், அவங்களைத் தனியா ஒரு மூலையில நிறுத்தி ஊரே கேக்க வைக்கிறது கொடுமை. அவங்க குரலுக்கு ஒரு மறைப்பு வேணும். இத்தனை வருஷமா அந்த மறைப்பை நாங்கதான் கொடுத்துட்டு வர்றோம். ஒரு நன்றிகூட எதிர்பாக்காம."

"எல்லாரும் எல்லாப் பக்கமும் சமமா வரணும். அதுதான் நீதி" என்றார் மரக்கடைக்காரர், தன் விளம்பரத்தை நினைத்து. பாக்கே தன் விளம்பரத்தை நினைத்துத் தலையாட்டினார்.

ஆர்விட் எழுந்தார். கூட்டத்தில் எழுந்தால் அவருக்குக் காது சிவந்துவிடும். "ரெண்டு பக்கமும் ஒண்ணே வந்தா ஸ்டீரியோ இல்லைங்களே. இந்தக் கருவி ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் தனியா சுமந்துட்டுப் போகுது. வித்தியாசம் இல்லேன்னா அதுக்கு வேலையே இல்ல."

"வித்தியாசமா?" பாக்கே கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை நாளா நம்ம நிலையம் வித்தியாசத்தையா ஒலிபரப்பிட்டு இருந்துச்சு? நம்ம ஊரை எனக்குத் தெரியும் தம்பி. இங்க வித்தியாசத்தைக் காத்துல விட்டா காலையில ரெண்டு தேவாலயம் இருக்கும்."

"பழைய மாதிரியே ஆயிடும், மிஸ்டர் பாக்கே. ஆல்டோ கேக்கவே கேக்காது."

"விளக்கு எரியுமா?" என்றார் டாக்னி.

"எரியும். அந்த ஒலி போயிட்டிருந்தா எரியும்."

"அப்ப ஸ்டீரியோதான்" என்றார் டாக்னி. தீர்மானம் எழுதப்பட்டது: இனி இடதும் வலதும் எல்லா நேரத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும், விளக்கு அணையக்கூடாது, மீறினால் வேலை போகும். தலைவரின் இடது பற்றிய பழைய தீர்மானத்தை ரத்து செய்ய யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றேயான பிறகு அதனால் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. எங்கள் கழகத்தின் தீர்மானங்கள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் வாழ்கின்றன.

ஆர்விட் வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. தொலைபேசிக் கம்பி சொல்லிவிட்டது. வெர்னா உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் பரிமாறினாள். "லெராய் கூப்பிட்டான். இடம் இன்னும் காலியா இருக்காம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒலிபரப்பு. கழகம் முழுவதும் டாக்னி ரஸ்ட்டின் கூடத்தில் கூடியது. ஆல்டோக்களை யாரும் அழைக்கவில்லை. மறந்துபோயிற்றாம். டாக்னி இடது ஒலிபெருக்கியின் பக்கத்து சோபாவில் உட்கார்ந்தார். பாக்கேவுக்கு நடுவில் பெரிய நாற்காலி. நீல்ஸ் நடைக்கூடத்தில் தொலைபேசியைக் காதில் வைத்து, கதவிடுக்கில் தலைவரைப் பார்த்தபடி நின்றார். வெர்னா தன் வீட்டில் தனியாக, வலது ஒலிபெருக்கியின் பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்விட்டின் நாற்காலி நடுவில் காலியாகக் கிடந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்தது.

கட்டுப்பாட்டு அறையில் ஆர்விட் நாடாவைப் பூட்டினார். கருவியின் முகப்பில் ஒரு பொத்தான். மேலே தள்ளினால் இடதும் வலதும் ஒன்று. கீழே தள்ளினால் வேறு வேறு. அது மேலே இருந்தது. தீர்மானப்படி அங்கேதான் இருக்க வேண்டும். அவர் தன் கூடத்தை நினைத்தார். வெர்னாவின் முகத்தில் சிவப்பு வெளிச்சம், லெராய் கொடுத்தது. தான் அதே வெளிச்சத்தை அனுப்பி, உள்ளே ஒன்றும் இல்லாமல் அனுப்பப் போகிறோம் என்று நினைத்தார். அப்புறம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விதியை மீறினார். பொத்தானைக் கீழே தள்ளினார்.

முதல் சரணம் போயிற்று. ரஸ்ட் வீட்டில் எல்லாரும் விளக்கைப் பார்த்துத் தலையாட்டினார்கள். உச்சக்குரல்கள் இடது பக்கம் மட்டும் வருவதை ஒருவரும் கவனிக்கவில்லை. விளக்கு அவ்வளவு நன்றாக எரிந்தது.

இரண்டாம் சரணம் தொடங்குவதற்குள் டாக்னி காப்பிப் பாத்திரத்தோடு எழுந்தார். ஆல்டோ பாடுகிற இடம்தானே, காப்பி ஊற்ற வசதி. தலைவரின் பின்னால் போய், "காப்பி?" என்றார்.

எங்கள் பக்கத்தில் காப்பி வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை, உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் அரைக் கோப்பை என்று சொல்ல வேண்டும். முதல் கேள்விக்கே சரி என்கிறவனை வளர்த்தவர்கள் யார் என்று விசாரிப்பார்கள். அதை உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வதும் மரியாதையில்லை. பாக்கே எழுந்து, முழுதாகத் திரும்பி, "ஐயோ வேண்டாம், சிரமப்படாதீங்க" என்றார்.

"திரும்பிட்டார்!" என்று நீல்ஸ் தொலைபேசியில் கத்தினார்.

ஆர்விட்டின் கை குமிழுக்குப் போயிற்று. ஒரே நாளில் இரண்டு விதிகளை மீற அவருக்கு மனம் வரவில்லை. மெல்லத் திருப்பினார்.

வெர்னாவின் குரல் வலது மூலையிலிருந்து புறப்பட்டது. தரைவிரிப்பைக் கடந்து, நடுவில் வந்து, இடது மூலைக்குப் போய் நின்றது. டாக்னியின் "ஆ..." எதிர்த் திசையில் அவளைக் கடந்து வலது மூலைக்குப் போயிற்று.

பாக்கே உட்கார்ந்தார். "உக்காந்துட்டார்! பழைய பக்கம்!" வெர்னா திரும்பி நடந்தாள்.

"கொஞ்சமா? ஒரு மடக்கு?" என்றார் டாக்னி. "இல்லைங்க, இப்பத்தான் வீட்ல குடிச்சேன்." "திரும்பிட்டார்!" வெர்னா மறுபடி வந்தாள். கூடத்தில் இருந்தவர்களின் தலைகள் பந்தாட்டம் பார்ப்பதுபோல் இங்கும் அங்கும் திரும்பின. இப்போது எல்லாருமே கேட்டார்கள். விளக்கை மறந்துவிட்டார்கள். அழகான, தாழ்ந்த, மண்வாசனை மாதிரியான ஒரு குரல் கூடத்துக்குள் நடந்துகொண்டிருந்தது.

"அப்படின்னா அரைக் கோப்பை" என்றார் பாக்கே மூன்றாம் முறை எழுந்து. குரல் டாக்னியின் சோபா பக்கம் வந்து, கடைசி வரியை அங்கேயே நின்று பாடி முடித்தது.

டாக்னி பாத்திரத்தைச் சாய்த்தது சாய்த்தபடி நின்றார். காப்பி கோப்பையைத் தாண்டித் தட்டில் வழிந்தது. "யாரு அது? என் பக்கத்துல யாரு பாடுறது?"

"வெர்னா லொக்கன். இத்தனை வருஷமா உன் பக்கத்துலதான் பாடுறா" என்றார் நீல்ஸ், கதவிடுக்கிலிருந்து.

அன்று மாலை ஆர்விட் வீட்டுக்குப் போனார். வெர்னா ஹாட்டிஷ் பரிமாறினாள். ஒன்றும் பேசவில்லை. எங்கள் ஊரில் பேசாமல் இருப்பதற்கு நூறு அர்த்தம் உண்டு. எது என்று கேட்பது அநாகரிகம். அவர் கேட்கவில்லை. வாக்குறுதி கொடுத்தது வலது பக்கம். தான் அவளைக் கூடம் முழுக்க அலையவிட்டோம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு படுத்தார்.

திங்கட்கிழமை விசாரணை. பாக்கே எழுந்தார். "நான் பேச்சாளன் இல்லை. இந்த மனுஷன் வித்தியாசத்தை ஒலிபரப்பியிருக்கார். ஞாயித்துக்கிழமை. குருத்தோலை ஞாயித்துக்கிழமை. நான் எந்தக் காழ்ப்பும் இல்லாம சொல்றேன், என் விளம்பரத்தையும் இப்படி நடக்க விட்டிருந்தா நான் ஒருவேளை பொறுத்திருப்பேன்."

"அழைப்பில்லாம என் சோபா வரைக்கும் வந்தா" என்றார் டாக்னி. "நான் என் குரலைத் தேடி வலது மூலைக்குப் போக வேண்டியதாச்சு. என் சொந்த வீட்டுல."

வேலைநீக்கத் தீர்மானத்தை டாக்னி பாதி எழுதியிருந்தபோது தொலைபேசி அடித்தது. லெராய். ஆர்விட்டைக் கேட்டான். ரிசீவரை எடுத்த பாக்கே கொடுக்கவில்லை.

"நான் தலைவர் பேசுறேன். சொல்லு."

லெராயின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "எப்படிய்யா பண்ணினீங்க? உங்க பாடகர் குழு நடக்குதாமே! எங்க ஆளுங்க நின்ன இடத்துல மரம் மாதிரி நிக்கிறாங்க. காலையில இருந்து ஊர்க்காரங்க கூப்பிட்டுக் கேக்கிறாங்க, ஓக் லேண்டிங்ல நடக்குது, இங்க ஏன் நடக்கலைன்னு. எங்க மேனேஜர் மத்தியானம் சாப்பிடல."

"சாப்பிடலையா?" என்றார் பாக்கே.

"ஒரு வாய்கூட."

"பொறாமையா?"

"அவருக்குப் பொறாமையெல்லாம் இல்லை. 'அவங்களுக்கு நல்லதுதான்'னு சொன்னார். சொல்றப்ப தாடையைப் பிடிச்சுக்கிட்டார்."

பாக்கே ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்ததை நாங்கள் ஈஸ்டர் காலையில் போதகர் முகத்தில்கூடக் கண்டதில்லை. டாக்னி தான் எழுதிய வரிகளை அடித்தார். யாரும் சொல்லாமலே அடித்தார்.

புதுத் தீர்மானம் அரை நிமிஷத்தில் நிறைவேறியது. இனி எல்லா இசை நிகழ்ச்சிகளும் நடக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஒலிபரப்பின்போதும் தலைவருக்கு மூன்று முறை காப்பி கொடுக்கப்படும். முதல் இரண்டு முறை மறுப்பது தலைவரின் கடமை. காப்பிச் செலவு கழகத்தைச் சேர்ந்தது. இந்தப் புதுமையைக் கண்டுபிடித்தவர் தலைவர் கிளாரன்ஸ் பாக்கே என்று ஒரு பித்தளைப் பலகை வைக்கவும் முடிவாயிற்று. டாக்னி ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: அடுத்த வருஷம் உச்சக்குரல்காரிகளும் நடக்க வேண்டும், ஆல்டோவைவிட இரண்டு நடை அதிகமாக. ஆர்விட்டுக்கு வேலை தொடர்ந்தது. அவரைப் பற்றித் தீர்மானத்தில் ஒன்றும் இல்லை.

அவர் வீட்டுக்கு வந்தபோது வெர்னா பின்னிக்கொண்டிருந்தாள். விளக்கு எரிந்தது. ஆர்விட் முள்ளைப் பார்த்தார். அது எங்கள் நிலையத்தில் இருந்தது. பன்றி விலை நிலவரம் போய்க்கொண்டிருந்தது.

"லெராய்கிட்ட சொல்லிட்டேன், அந்த இடம் காலியாவே இருக்கட்டும்னு" என்றாள்.

ஆர்விட் கோட்டைக் கழற்றினார். "நேத்து... பாட்டு எப்படி இருந்துச்சு?"

வெர்னா ஒரு வரிசை பின்னி முடித்தாள். "மோசமில்ல" என்றாள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. கல்யாணத்துக்கும் நல்ல விளைச்சலுக்கும் இதைத்தான் சொல்வோம். ஆர்விட்டுக்குக் காது சிவந்தது.

"வலது பக்கத்துலயே நின்னிருக்கணும், வெர்னா. அந்தக் காப்பியால..."

"எனக்கு நடந்ததுதான் பிடிச்சுது. இத்தனை வருஷம் நின்ன இடத்துலயே நின்னாச்சு." ஊசியால் கூடத்தின் நடுவைக் காட்டினாள். "போறப்பவும் வர்றப்பவும் உன் நாற்காலிகிட்ட வந்தேன் ஆர்விட். ரொம்பப் பக்கத்துல. அந்த மூணாவது வரியை உன் நாற்காலியைத் தொட்டுட்டேதான் பாடினேன். நீதான் இல்ல."

ஆர்விட் நிலையத்தின் ஒற்றை ஒலிபெருக்கியை நினைத்தார். இரண்டு பக்கமும் கலந்து வந்த அதில் வழக்கம்போல் "ஆ" மட்டும்தான் கேட்டிருந்தது. அவர் போய் நாற்காலியின் முன்னால் நின்றார். பழைய நாற்காலி, கை வைக்கிற இடத்தில் துணி நைந்தது. வெஸ்டர்டாலைப் பார்த்துப் பொறாமையில் எரிந்தபோதுகூட அவருக்கு இப்படி எரிந்ததில்லை. கொஞ்ச நேரம் அதை முறைத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கு அவர் அதில் உட்காராமல் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.